கையில இருக்கற லென்ஸையே திரும்ப வாங்கறோமா? எம்எம் மட்டும் பார்த்தா தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல லென்ஸ் வாங்கறது பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். கேமராவுக்குன்னு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினதுக்கே முதல்ல நன்றி, ஆனா அதுல கட்டம் கட்டிப் போட்டிருந்த ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டுட முடியல. ஏற்கனவே உங்ககிட்ட இருக்கற எம்எம் திரும்ப வர்ற லென்ஸை வாங்காதீங்க, இல்லாத எம்எம்மா பார்த்து வாங்குங்கன்னு எழுதியிருந்தீங்க. எம்எம்ங்கறது லென்ஸ் மேல எழுதியிருக்கற ஃபோகல் லெங்த், நம்பர் சின்னதுன்னா அகலமா உள்ள வரும், பெருசுன்னா தூரத்துல இருக்கறது கிட்ட தெரியும். கேக்க நியாயமா தான் இருக்கு. ஆனா அந்த ஒரு வரியை நம்பி ஒருத்தர் நிஜமாவே தேவைப்படற லென்ஸை வேணாம்னு தள்ளிடுவார், இன்னொருத்தர் நம்பர் வேறயா இருக்கேன்னு தேவையே இல்லாததை வாங்கி பையில போட்டுப்பார். புதுசா போட்டோ எடுக்க வர்ற பசங்களுக்கு சொல்லித் தர்றவன் நான், ரெண்டு வகை ஆளுங்களையும் தொடர்ந்து பார்த்துட்டே இருக்கேன், அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ரொம்ப சாதாரணமா நடக்கறதுல இருந்தே ஆரம்பிக்கறேன். கேமரா வாங்கும்போது கூடவே வர்ற கிட் லென்ஸ் 18-55, அதாவது 18ல இருந்து 55 எம்எம் வரைக்கும் திருப்பற ஜூம். அதை வச்சிருக்கற பையன் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 வாங்கலாமான்னு கேக்கறான். உங்க கட்டுரைப்படி பார்த்தா 50ங்கறது 18-55க்குள்ளயே இருக்கு, அப்போ வாங்கக்கூடாது. ஆனா கிட் லென்ஸை 50க்கு திருப்பினா அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற வாசல் (எஃப் நம்பர் குறைஞ்சா வாசல் பெருசு), எஃப் 5.6 கிட்ட போய் நின்னுடும், அதுக்கு மேல திறக்காது. 1.8க்கும் 5.6க்கும் நடுவுல வெளிச்சம் ஒம்பது பத்து மடங்கு வித்தியாசம். ஒரு மேடை நிகழ்ச்சி, மங்கலான லைட், ஒரு குழந்தை கை தட்டிட்டு நிக்குதுன்னு வச்சுக்கோங்க. கிட் லென்ஸ்ல ஷட்டர் 1/13 செகண்ட் தான் கிடைக்குதுன்னா அதே ஐஎஸ்ஓல, அதாவது சென்சாரோட அதே உணர்திறன்ல, இந்த 50ல 1/125 கிடைக்கும். 1/13ல அந்தக் கை வெறும் கலங்கல், விரலே தெரியாது, 1/125ல விரல் விரலா பிரிஞ்சு நிக்கும். லென்ஸுக்குள்ள ஸ்டெபிலைசர் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க, அது நம்ம கை நடுக்கத்தை தாங்கும், எதிர்ல அசையற கையை நிறுத்தாது. ஆக நம்பர் ஒண்ணு தான், வேலை வேற. இதை டபுள்னு சொல்லி ஒரு பையனைத் தடுக்கறதுல எனக்கு கொஞ்சமும் சம்மதம் இல்ல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன். அந்த 50 எஃப் 1.8 கையில இருக்கு, சந்தோஷமா எடுத்துட்டு இருக்கான், அப்புறம் 40 எம்எம் எஃப் 2.8 பான்கேக்னு சொல்ற தட்டையான லென்ஸைப் பார்த்து ஆசைப்படறான். 40ங்கற நம்பர் அவன்கிட்ட இல்ல, அதனால உங்க கட்டம் வாங்குன்னு சொல்லும். ஃபுல் ஃப்ரேம் கேமராவுல, அதாவது 36 எம்எம் அகல சென்சார் இருக்கறதுல, 10 அடி தள்ளி நின்னா 50 எம்எம்ல 7 அடி சொச்சம் அகலம் உள்ள வரும், 40ல 9 அடி வரும். அந்த 9 அடியை 50லயே பிடிக்கணும்னா ரெண்டரை அடி பின்னாடி நகர்ந்தா போதும், அவ்ளோ தான் சமாச்சாரம். வெளிச்சமோ 50ல ரெண்டு மடங்குக்கு மேல ஜாஸ்தி. கேனான் பான்கேக் 130 கிராம், அவங்களோட 50 எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம், 30 கிராம் மிச்சம் பண்ண ஒரு லென்ஸா? தடிமன்ல கொஞ்சம் லாபம் இருக்கு, ஜாக்கெட் பாக்கெட்ல போட்டுட்டு போகணும்னு நினைக்கறவருக்கு மட்டும் அது பெரிய விஷயம், அவரை நான் தடுக்க மாட்டேன். மத்தவங்களுக்கு இது இருக்கறதையே இன்னொரு தடவ வாங்கற கதை தான்.

எம்எம்மை எப்படி ஒப்பிடணும்ங்கறதையும் உங்க கட்டுரை சொல்லியிருக்கலாம். கழிச்சுப் பார்க்கக் கூடாது, வகுத்துப் பார்க்கணும். 200க்கும் 250க்கும் நடுவுல 50 வித்தியாசம், 16க்கும் 20க்கும் நடுவுல வெறும் 4 தான், ஆனா ரெண்டுமே 1.25 மடங்கு, படத்துல தெரியற மாற்றம் ரெண்டுலயும் ஒரே அளவு. 50ல இருந்து 85 போனா 1.7 மடங்கு, அது நல்லாவே தெரியும். என் அனுபவத்துல 1.3க்கு கீழ வந்தா கால் ரெண்டு எட்டு வச்சு சமாளிச்சுக்கலாம், இல்லன்னா கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெட்டிக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவுல 35ல எடுத்த படத்தை 50 மாதிரி வெட்டினாலும் கிட்டத்தட்ட 12 மெகாபிக்சல் மிஞ்சும், ஏ3 சைஸ் பிரிண்ட்டுக்கு அது தாராளம்.

ஆனா இந்த எட்டு வச்சு சமாளிக்கற கணக்கு வைட் லென்ஸ்கிட்ட அப்படியே செல்லாது. ஏன்னா வைட் தேவைப்படற இடமே பின்னாடி போக இடமில்லாத இடம் தான். ஒரு சின்ன ரூம், சுவத்துல முதுகை ஒட்டிட்டு நிக்கறோம், 10 அடி எதிர்ல ஒரு குடும்பமே வரிசையா நிக்குது. ஃபுல் ஃப்ரேம்ல 35 எம்எம் போட்டா எவ்ளோ தூரமோ கிட்டத்தட்ட அவ்ளோ அகலம், அதாவது 10 அடி. 24 போட்டா 15 அடி. 16 போட்டா 22 அடிக்கு மேல. 24க்கும் 20க்கும் நடுவுல கூட 3 அடி வித்தியாசம் வருது, 3 அடின்னா ஓரத்துல ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரை விட்டுட்டு எடுக்க முடியுமா? அதனால உள்ளறையிலயே வேலை பார்க்கறவருக்கு 20 வேற, 24 வேற, வெளிய மலை, கடல்னு எடுக்கறவருக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

இப்ப நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்ச விஷயத்துக்கு வர்றேன், 85 எஃப் 1.8ம் 70-200 எஃப் 2.8ம். இந்த ரெண்டும் சேர்ந்து ஒரே பையில இருக்கலாமான்னு கேக்காத ஆளே இல்ல. பின்னாடி ப்ளர் ஆகணும், அதுக்குத் தான் 85ன்னு சொல்றாங்க. சரி, கணக்கு போடுங்க. 85ஐ 1.8ஆல வகுத்தா 47, அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையற வாசல் 47 எம்எம் அகலம். 70-200ஐ 135ல வச்சு 2.8ஆல வகுத்தா 48. ஒரே முகம் ஒரே சைஸ்ல படத்துல வரணும்னு வச்சுக்கிட்டா, 85ல 6 அடில நின்னு எடுக்கறதை 135ல ஒம்பதரை அடி தள்ளி நின்னு எடுப்போம். அப்போ ரொம்ப தூரத்துல பின்னாடி இருக்கற விளக்கு ரெண்டு படத்துலயும் கிட்டத்தட்ட ஒரே சைஸ் வட்டமா தான் கலங்கும், ஏன்னா அந்த வட்டத்தோட சைஸை முடிவு பண்றது இந்த வாசல் தான். 200க்கு போனா வாசல் 71 ஆயிடும், 85ஐ விட ப்ளர் கூடவே வரும். ஆக தூரத்துப் பின்னணி ப்ளருக்காக மட்டும்னா 70-200 எஃப் 2.8 வச்சிருக்கறவருக்கு 85 எஃப் 1.8 டபுள் தான், இதை எத்தனை பேர் கேட்டாலும் தயங்காம சொல்வேன்.

ஆனா அதோட முடியலயே. 85 எஃப் 1.8ல கண்ணு ஷார்ப்பா இருக்கும்போது காது மெதுவா கரைய ஆரம்பிக்கும், 135 எஃப் 2.8ல காது அந்த அளவுக்கு கரையாது, தூரத்து ப்ளர் ஒண்ணா இருந்தாலும் முகத்துக்குள்ள வர்ற ப்ளர் வேற. வெளிச்சம் 85ல ரெண்டே கால் மடங்குக்கு மேல, மங்கலான மண்டபத்துல அது உயிர். அப்புறம் வெயிட். உள்ள மிரர் வச்ச பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவோட 70-200 எஃப் 2.8 எல்லாம் ஒண்ணரை கிலோ பக்கம், அந்த மிரர் இல்லாத மிரர்லெஸுக்கு புதுசா வந்ததுல சிலது ஒரு கிலோவுக்கு இறங்கியிருக்கு, கேனானோட அந்தப் பழைய 85 எஃப் 1.8 வெறும் 425 கிராம். எதிர்ல உக்கார்ந்திருக்கறவர் முகத்தையும் பாருங்க, பெரிய வெள்ளை லென்ஸை நீட்டினதும் தோள் ரெண்டும் தானா மேல ஏறும், சிரிப்பு இறுகிடும், சின்ன லென்ஸோட 6 அடில உக்கார்ந்து பேசிட்டே எடுத்தா அந்த இறுக்கம் வராது. எனக்கு போர்ட்ரெய்ட்னா இது தான் முதல் காரணம், ப்ளர் எல்லாம் அப்புறம். இதை எந்த ஸ்பெக் ஷீட்லயும் போட மாட்டாங்க.

அதனால பசங்ககிட்ட நான் கேக்கறது ஒரே கேள்வி. வீட்ட விட்டு கிளம்பும்போது பையைத் திறந்து வச்சு, இந்த ரெண்டு லென்ஸ்ல எதை எடுத்துட்டு போறதுன்னு அடிக்கடி யோசிச்சு நிக்கறியா? நின்னா அது ரெண்டும் ஒரே வேலைக்குத் தான் இருக்கு. இன்னைக்கு என்ன எடுக்கப் போறோம்னு தெரிஞ்ச உடனே கை தானா ஒண்ணுகிட்ட போகுதுன்னா, அதுல எழுதியிருக்கற நம்பர் ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் வேற வேற லென்ஸ். புதுசா வாங்கப் போறதையும் அந்தப் பையில இருக்கறதா நினைச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும்.

கிட்டப் போய் எடுக்கற விஷயம் உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அது தான் எனக்கு பெரிய வருத்தம். ஒரு மோதிரத்தை எடுக்கணும். நிக்கான் 50 எஃப் 1.8 ஜி லென்ஸ் 45 செமீக்கு கிட்ட வராது, அதோட மேக்னிஃபிகேஷன், அதாவது பொருளோட நிஜ சைஸ்ல எவ்ளோ பங்கு சென்சார்ல விழுதுங்கறது, 0.15. ஃபுல் ஃப்ரேம்ல அப்போ படத்தோட அகலத்துல 24 செமீ உள்ள வரும், 2 செமீ மோதிரம் அதுல பன்னெண்டுல ஒரு பங்கு, மிச்சம் எல்லாம் மேஜை. நிஜ சைஸ்லயே பதியற 1:1 மேக்ரோ லென்ஸ்ல அதே அகலத்துல 36 எம்எம் தான் வரும், மோதிரம் பாதி படத்துக்கு மேல நிறைஞ்சு நிக்கும், கல்லு மேல இருக்கற விரல் ரேகை கூட தெரியும். அப்போ 50 எஃப் 1.8 வச்சிருக்கறவருக்கு 60 எம்எம் மேக்ரோ டபுளா? நம்பரைப் பார்த்தா 1.2 மடங்கு தான், நான் மேல சொன்ன கணக்குப்படியே தள்ள வேண்டியது. ஆனா தள்ளக்கூடாது. அதே சமயம் வருஷத்துக்கு ஒரு தடவ மோதிரம் எடுக்கறவர் மேக்ரோவே வாங்க வேண்டாம், 25 எம்எம் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒண்ணு போதும், உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய் தான், 50 லென்ஸுக்குப் பின்னாடி மாட்டினா நிஜ சைஸ்ல பாதி, அதாவது 0.5 மேக்னிஃபிகேஷன் வந்துடும். 60 மேக்ரோவும் 100 மேக்ரோவும் சேர்த்து வச்சிருக்கறவங்களையும் பார்க்கறேன், ரெண்டுமே 1:1 தான், மோதிரத்துக்கு எந்த வித்தியாசமும் இல்ல, பறந்து போற பூச்சிக்கு மட்டும் 100 கொஞ்சம் தள்ளி நிக்க விடும்.

அடுத்து, வாங்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கற படங்களைக் கேளுங்க. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு பதிவு இருக்கு, எந்த லென்ஸ், எத்தனை எம்எம், அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் அதுல இருக்கும், லைட்ரூம்ல ஃபில்டர் போட்டா லென்ஸ் வாரியா, எம்எம் வாரியா எத்தனை படம்னு காட்டிடும், காசு குடுக்காம பார்க்கணும்னா எக்ஸிஃப்டூல்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு. 18-55ல பாதிக்கு மேல படம் 55லயே முட்டிட்டு நிக்குதுன்னா தூரத்தை கிட்ட இழுக்கற டெலி லென்ஸ் பத்தி யோசிக்கலாம், 18லயே முட்டுதுன்னா வைட். எம்எம் எங்க இருந்தாலும் பரவால்ல, அபெர்ச்சர் முழுசா திறந்து ஐஎஸ்ஓ 6400க்கு ஏறி நிக்கற படங்கள் குவிஞ்சு கிடந்தா தேவை வெளிச்சம், அதாவது அதே எம்எம்ல ஒரு ப்ரைம், ஜூம் ஆகாத லென்ஸ். நல்லா வந்ததுன்னு நீங்க வச்சிருக்கற படங்களை மட்டும் பார்க்காதீங்க, சரியா வராததையும் பாருங்க, அதுல தான் விஷயமே இருக்கு. எடுக்கவே முடியாம விட்ட படம் எக்ஸிஃப்ல வராதுங்கறதையும் மறக்கக் கூடாது, அதுக்கு ஒரு சின்ன நோட்டு வச்சு, இன்னைக்கு இது முடியல, ஏன் முடியலன்னு ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுவேன்.

சிலருக்கு இடைவெளி பயம் ஒண்ணு இருக்கு. 24-70 இருக்கு, 100-400 இருக்கு, நடுவுல 70ல இருந்து 100 வரைக்கும் காலியா இருக்கேன்னு தூக்கம் வராம ஒரு லென்ஸ் தேடறாங்க. 70ல எடுத்து வெட்டினா அந்த இடைவெளி ஓடியே போயிடும், 24 மெகாபிக்சல்ல வெட்டினாலும் 12 பக்கம் மிஞ்சும். அங்க ஒரு ஓட்டை இருக்குன்னு படம் பார்க்கறவங்க யாருக்கும் தெரியாது. 35ஆ 50ஆன்னு குழம்பறவங்களுக்கு இன்னும் சுலபம், இருக்கற ஜூமை 35ல வச்சு ரிங் மேல டேப் ஒட்டிட்டு ஒரு வாரம் சுத்துங்க, அடுத்த வாரம் 50ல ஒட்டுங்க, எந்த வாரம் டேப்பைப் பிச்சு எறியணும்னு தோணுச்சோ அந்த எம்எம் உங்களுக்கு இல்ல. இது செலவே இல்லாத சோதனை, யாருமே செய்ய மாட்டேங்கறாங்க.

கேமரா பாடி மாத்தினா மொத்தக் கணக்கையும் திரும்பப் போடணும், இதை சுருக்கமா சொல்லிடறேன். ஃபுல் ஃப்ரேமை விட சின்னதான 1.5 க்ராப் சென்சார்ல 35 எம்எம்ங்கறது ஃபுல் ஃப்ரேம்ல 52 பார்க்கற மாதிரி பார்க்கும். அதனால க்ராப்ல 35 வச்சு எடுத்துட்டு இருந்தவர் ஃபுல் ஃப்ரேமுக்குப் போய் 50 வாங்கினா, அவர் பழகின அதே பார்வையைத் தான் வாங்கறார், அது தப்பில்ல, ஆனா புதுசா ஒரு பார்வை கிடைச்சதுன்னு நினைச்சா ஏமாற்றம் தான். மவுண்ட், அதாவது கேமராவுல லென்ஸை மாட்டற வாய், மாறினதும் இப்படித் தான், கேனான்ல 1987ல வந்த இஎஃப் மவுண்டும் நிக்கான்ல 1959ல வந்த எஃப் மவுண்டும் இருக்க, 2018ல ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸுக்கு புது மவுண்ட் கொண்டு வந்தாங்க. அடாப்டர் போட்டா பழைய இஎஃப் லென்ஸ் அதே படத்தை அதே ஆட்டோஃபோகஸோட குடுக்கும், அதை வித்துட்டு அதே எம்எம், அதே அபெர்ச்சர்ல புதுசு வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ யோசிக்கலாம். நிக்கான்ல மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வேற கதை, அவங்க எஃப்டிஇசட் அடாப்டர்ல அதுக்கு ஆட்டோஃபோகஸே வராது, அங்க புதுசு வாங்கறது டபுள் ஆகாது.

காசு வாங்கிட்டு விசேஷம் எடுக்கறவங்க தெரிஞ்சே ரெண்டு ஒரே மாதிரி லென்ஸ் வச்சிருப்பாங்க. நடுவுல ஒண்ணு கீழ விழுந்தா அந்த நிமிஷம் திரும்ப வராதே. அதை யாரும் வீண்னு சொல்லக்கூடாது.

வீண்னா அலமாரில தூங்கற லென்ஸ் தான் வீண். ஈரக்காத்து படற இடத்துல மாசக்கணக்கா தொடாம வச்சா உள்ள ஃபங்கஸ் கிளம்பும், ஓரத்துல நூல் நூலா ஆரம்பிச்சு கண்ணாடியோட கோட்டிங்கையே தின்னுடும், அப்புறம் துடைச்சாலும் தழும்பு போகாது. ரெண்டு லென்ஸ் ஒரே வேலைன்னு தெரிஞ்சுட்டா ஒண்ணை வித்துடுங்க, இல்ல லென்ஸே இல்லாம கத்துக்கற ஒரு பிள்ளைக்கு குடுங்க, அது அங்க தினமும் வெளிச்சம் பார்க்கும்.

உங்ககிட்ட கேக்கறது இது தான் சார். அடுத்த தடவ இணைப்புல லென்ஸ் பத்தி எழுதும்போது பேருக்குப் பக்கத்துல எம்எம் மட்டும் போடாம, ஜூமோட ரெண்டு முனையிலயும் அபெர்ச்சர் எவ்ளோ திறக்கும், எவ்ளோ கிட்டப் போகலாம், மேக்னிஃபிகேஷன் எவ்ளோ, வெயிட் எத்தனை கிராம், இந்த நாலையும் சேர்த்துப் போடுங்க. முடிஞ்சா கிட் லென்ஸோட நம்பர்களையும் அதே வரிசையில பக்கத்துலயே போடுங்க, ஏன்னா படிக்கறவங்கள்ல பாதிப் பேர் கையில இருக்கறது அது தான், அதோட ஒப்பிட்டுப் பார்க்க அவங்களுக்கு வேற எங்கயும் தேட வேண்டியிருக்காது. அந்தக் கட்டம் கட்டின வரியையும் அப்போ திருத்திப் போட்டீங்கன்னா ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்க நாளிதழை நாளு தவறாம படிக்கற ஒரு வாசகன்